கஞ்சி போட்ட வெள்ளி ஜாக்கெட்

செல்லூர், மதுரை
2.6.2025

அன்பு செல்விக்கு,

ஜெயபாண்டி எழுதுவது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்பில், தலைமையாசிரியருக்கு, லீவு கேட்டு. அதனால் எங்காவது கை தவறி ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று வந்துவிட்டால் சிரிக்காதே.

போன் செய்தால் எடுக்க மாட்டேன், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பட்டும், படிக்கிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பினாயாம். அவர் அதை என் காதில் சொல்லியிருக்கலாம். பரவை மார்க்கெட்டில் இருந்து கத்தரிக்காய் மூட்டையோடு வந்து, கடை வாசலில் நின்று, ஏலம் விடுகிற குரலில் சொன்னார். உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கருப்புக்கும் தெரியும், பக்கத்து ஃப்ளெக்ஸ் கடை நஜீமுக்கும் தெரியும், நீ என்னோடு பேச மாட்டாய் என்பது. நல்லவேளை, அம்மா வீட்டுக்குள் இருந்தார். உன் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன், அதற்கு உதவியாக நீ பரவையில் இருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். முழங்கால் ஆபரேஷன் ஆனவர் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதை அம்மா பார்த்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்? அந்தக் கதையை நீ உடைத்துவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ திருச்சியில் இருந்து திரும்பிய அன்று நான் பேசியது தப்புதான். ‘போன்ல வாள் வீசுற அந்தக் கொரியாக்காரனா உனக்குச் சோறு போடுறான்’ என்று கேட்டிருக்கக் கூடாது. ‘ஒரு சட்டைக்கு இம்புட்டு அழுகையா’ என்றும் சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திவிட்டது. என் வாய் உனக்குத் தெரியாததா?

ஆனால் அந்த ஜாக்கெட் விஷயத்தில் நான் நல்லதுதானே நினைத்தேன்? மூன்று வருடம் கழித்து வாள்வீச்சுப் போட்டிக்குப் போகிறாய், நாலு பேர் முன்னால் என் பெண்டாட்டி மொடமொடவென்று நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கட்சிக்காரர்களின் வெள்ளைச் சட்டைக்கு என்று காய்ச்சிய கஞ்சியில் முதல் கஞ்சியை எடுத்து உன் வெள்ளி ஜாக்கெட்டுக்குப் போட்டேன். கையை நீட்டிக்கொண்டு அது தானாகவே நின்றது. அது இப்படி முடியும் என்று யாருக்குத் தெரியும்? புதிதாக ஒன்று வரவழைத்துத் தருகிறேன். எங்கே கிடைக்கும் என்று மட்டும் எழுது.

வீடு நன்றாக இல்லை. சீக்கிரம் வா.

உன்
ஜெயபாண்டி


பரவை
7.6.2025

மாமாவுக்கு,

தமிழ்ச்செல்வி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் பத்து கிலோமீட்டர் வருவதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டது. படித்தேன். நீங்கள் பேசுவது போலவே இருந்தது. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். போனில் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். பிறகு எதற்காகக் கோபப்பட்டேன் என்பது எனக்கே மறந்துவிடும். இந்தத் தடவை மறக்க விருப்பமில்லை.

திருச்சியில் நடந்ததை நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை. எழுதுகிறேன். நான் விளையாடுவது வாள்வீச்சில் சேபர் என்ற வகை. இடுப்புக்கு மேலே வாள் எங்கே பட்டாலும் புள்ளி. பட்டது என்று விளக்கு எரிவதற்குத்தான் அந்த வெள்ளி ஜாக்கெட். அதில் ஓடுவது உலோக இழை. போட்டிக்கு முன்னால் சோதனை மேஜையில் ஜாக்கெட்டை விரித்து, கருவியை வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். என்னுடையதைப் பன்னிரண்டு இடத்தில் தொட்டார்கள். இரண்டு இடத்தில் எரிந்தது. உங்கள் வேலை சுத்தம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள் இல்லையா? சுத்தமாகத்தான் இருந்தது. கஞ்சி ஒவ்வொரு இழையிலும் சமமாக ஏறியிருந்தது. இஸ்திரிச் சூட்டில் பாதி இழை அறுந்திருந்தது. நீங்கள் அதை மடித்து, மேலே பாலித்தீன் உறையும் போட்டுப் பைக்குள் வைத்திருந்ததால் நான் அங்கே போய்த்தான் பிரித்தேன்.

இரவல் ஜாக்கெட் கேட்டு அந்த அரங்கம் முழுக்க ஓடினேன். வந்திருந்ததெல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். ஒன்றும் என் தோளுக்கு ஏறவில்லை. மூன்று தடவை என் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பட்டியலில் இருந்து அடித்துவிட்டார்கள். நான்கு மாதம் விடியற்காலை எழுந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனேன் மாமா. எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. இதற்கு மேல் எத்தனை போட்டி மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

புது ஜாக்கெட் வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், நீங்கள் சட்டைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்: ‘மாமா, இது மேல தண்ணி படக் கூடாது. துவைக்க வேணாம். வேர்வையத் துடைச்சு நெழல்ல தொங்க விட்டாப் போதும்.’ நீங்கள் ‘ம்’ என்றீர்கள். அந்த ‘ம்’ காதில் விழுந்து சொன்ன ‘ம்’தானா?

ஏன் கேட்கிறேன் என்றால், பட்டுச் சேலை வந்தால் ஜரிகையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, ‘இதக் கஞ்சில போட்டா ஜரிகை செத்துரும்’ என்று திருப்பிக் கொடுக்கிற ஆள் நீங்கள். அந்தக் கை இந்த ஜாக்கெட்டைத் தொட்டபோது மட்டும் எங்கே போயிருந்தது?

அப்பாவின் முழங்கால் நன்றாக இருக்கிறது. அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

தமிழ்ச்செல்வி


செல்லூர்
14.6.2025

அன்பு செல்விக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. கருப்பு தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான். வைகைக் கரைக்குப் போய் வண்டியின் மேல் உட்கார்ந்து படித்தேன். உன் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

கட்டிலுக்கு அடியில் உன் நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் ‘ஹான் தே-யுன்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய். ஆத்திரத்தோடுதான் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், உள்ளே கவிதை இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பூகூட இல்லை. பக்கம் பக்கமாகக் கால் தடமும் அம்புக்குறியும்தான். ‘இரண்டு அடி சின்னது, மூன்றாவது அடி நீளம், எதிராளி பின்னங்காலில் எடை வைத்தவுடன் கிளம்பு’ என்று எழுதியிருந்தாய். இதற்காகவா நான் மூன்று வருடம் வயிறு எரிந்தேன் என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா? ஒரு வாரமாக அவரைத்தான் போனில் பார்க்கிறேன். ஆறடி இரண்டு அங்குலமாமே. நான் உன்னைவிட இரண்டு அங்குலம் அதிகம், அதுவும் செருப்போடு. விமான நிலையத்துக்கு அவர் வந்தால் பெண்கள் அழுகிறார்கள். நூடுல்ஸ் விளம்பரத்தில் வருகிறார், குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்தில் வருகிறார், டிவி நிகழ்ச்சியில் அவர் அம்மாவோடு உட்கார்ந்து முட்டைக்கோஸுக்கு மிளகாய் விழுது தடவுகிறார். நம் ஊரில் ஒரு நடிகர் நகைக்கடை திறக்க வந்தால்தான் அம்புட்டுக் கூட்டம் வரும்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்ன தெரியுமா? அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது ஒரு மாநகராட்சியாம்! அந்த ஊர் மாநகராட்சி வாள்வீச்சு அணி வைத்திருக்கிறதாம். நஜீமிடம் சொன்னேன். ‘மாப்ள, நம்ம தெருவுல சாக்கடைய மூடுனாப் போதும்டா, வாளெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்’ என்கிறான்.

ஜூலை முதல் வாரத்தில் உனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். பார்த்ததும் உன் கோபமெல்லாம் பறந்துவிடும்.

உன்
ஜெயபாண்டி


பரவை
5.7.2025

மாமாவுக்கு,

பார்த்தேன். நான் மட்டும் இல்லை, திண்டுக்கல் ரோட்டில் போன அத்தனை பஸ்ஸும் பார்த்தது.

பரவை மார்க்கெட் வாசலில், பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. ‘கொரியா தந்த கொற்றவனே! வாளெடுத்தால் வாகை சூடும் வேங்கையே! அகவைத் திருநாள் காணும் ஹான் தே-யுன் அவர்களை வாழ்த்த வயதின்றி வணங்குகிறோம்!’ கீழே நம் கல்யாணப் போட்டோவில் இருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்து, பட்டுச் சேலையோடு, கையில் ஒரு வாளையும் ஒட்டிவைத்திருக்கிறான் நஜீம். அதற்கும் கீழே ‘இவண்: ஜெயபாண்டி வாஷிங், செல்லூர்’.

காலையில் அப்பா கடை விரிக்கப் போனதும் சுற்றிக்கொண்டார்களாம். ‘யாருண்ணே இது, புதுக் கட்சியா? ஒங்க மக சேந்துருச்சா?’ என்று வெங்காயக் கடைக்காரர் கேட்டிருக்கிறார். இன்னொருவர் வந்து மாவட்டச் செயலாளர் யார் என்று விசாரித்தாராம். அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். மனிதர்கள் மன்னிப்புக் கேட்க எத்தனையோ வழி வைத்திருக்கிறார்கள். கொரியாக்காரருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அடித்து, மாமனார் ஊரில் கட்டுவது உங்களுக்குத்தான் தோன்றும்.

சரி, அதையாவது ஒழுங்காகச் செய்தீர்களா? அந்தப் படத்தில் இருப்பது ஹான் இல்லை. முகமூடி போட்டிருந்தால் என்ன, நிற்பதைப் பார்த்தால் தெரியாதா? ஹான் இடது கைக்காரர். நீங்கள் பன்னிரண்டு அடிக்கு வாழ்த்தியிருப்பது போன வருடம் அவரைக் கால் இறுதியில் தோற்கடித்த ஆளை.

சாயங்காலம் அப்பாவே கயிற்றை அறுத்து இறக்கினார். இப்போது அது தக்காளிக் கூடைகளின் மேல் மழைக்குக் கிடக்கிறது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் அவரைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன். விளம்பரம் பார்த்து நான் அவர் பின்னால் போகவில்லை. எள் விவசாயி வீட்டுப் பிள்ளை. பதினான்கு வயதில் தொடங்கினார், அது அங்கே ரொம்பத் தாமதம். பள்ளிக்கூடத்தில் காலணி அவர் அளவுக்கு இல்லாமல் ஒரு வருடம் காகிதம் திணித்த காலணியோடு ஆடினார். தேசிய அணிக்கு வந்து ஆறு வருடம் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபத்தொன்பது வயதில் முழங்கால் கிழிந்தது. எல்லோரும் முடிந்தது என்றார்கள். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்து, அதே காலை முன்னால் வைத்து, பழையதைவிட வேகமாகப் பாய்ந்தார். நான் கல்யாணமாகி, வாளைப் பரணில் போட்டுவிட்டு, சாயங்காலம் சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது பார்த்த ஆட்டம் அது. அன்றைக்குத்தான் பரணில் ஏறி என் பையை இறக்கினேன். அவர் எனக்குச் சோறு போடவில்லை. அதைத்தான் செய்தார்.

பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், பன்னிரண்டுக்கு எட்டில் எழுதுகிறீர்கள். என் கேள்விக்கு ஒரு வரி வரவில்லை.

தமிழ்ச்செல்வி


செல்லூர்
13.7.2025

அன்பு செல்விக்கு,

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் உன் அப்பா காலில் விழுந்து எழ வேண்டும். விழுகிறேன் என்று எழுதியிருக்கிறேன், அவரிடம் சொல்லிவிடு. நஜீம் ‘நல்லாப் பாயுறவன் படமா எடுத்தேன் மாப்ள’ என்கிறான். தோற்றவர் படத்தை யார் நன்றாக எடுப்பார்கள், பாயுற படமெல்லாம் ஜெயித்தவன் படமாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது எனக்கு இடது கை, வலது கை தெரியும். கடையில் எல்லோருக்கும் தெரியும். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கருப்பு, நஜீம், நான் மூன்று பேரும் இஸ்திரி மேஜையில் போனைச் சாய்த்துவைத்துப் பார்க்கிறோம். கருப்பு அவரை ‘ஹான் அண்ணே’ என்றுதான் சொல்கிறான். இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தால் யார் முதலில் தாக்கக் கிளம்பினார் என்று நடுவர் பார்த்து, அவருக்குப் புள்ளி கொடுப்பார் என்பது வரைக்கும் கற்றுக்கொண்டுவிட்டோம். நடுவரைத் திட்டவும் கற்றுக்கொண்டோம்.

மூன்று நாளைக்கு முன்னால் ஓர் ஆட்டம் பார்த்தோம். மூன்று வருடத்துக்கு முந்தைய உலகப் போட்டி, இறுதி ஆட்டம். நீ நூறு தடவை பார்த்திருப்பாய். பதினான்குக்குப் பதினான்கு. ஒரு புள்ளி எடுப்பவருக்குத் தங்கம். இரண்டு பேரும் பாய்ந்தார்கள், இரண்டு விளக்கும் எரிந்தது. நடுவர் ஹான் பக்கம் கையைக் காட்டிவிட்டார். பயிற்சியாளர் துள்ளிக்கொண்டு ஓடிவருகிறார், கூட்டம் எழுந்துவிட்டது. கருப்பு இஸ்திரிப் பெட்டியைத் தட்டிவிடப் பார்த்தான். ஆனால் உன் ஆள் முகமூடியைக் கழற்றி, தலையை ஆட்டி, வாளால் எதிராளியைக் காட்டுகிறார். தாக்குதல் அவருடையது, என்னுடையது இல்லை என்று. நடுவர் மறுபடி பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். தோற்றுவிட்டார்.

‘லூசாண்ணே இவரு? நடுவரே குடுத்துட்டாரு, வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?’ என்றான் கருப்பு. சட்டை வாங்க வந்து காத்திருந்த வட்டச் செயலாளரும் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பொழைக்கத் தெரியாத மனுசன்’ என்றார். நஜீம் மட்டும் எழுந்து அவன் கடைக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, ‘மாப்ள, அந்தாளு வூட்டுக்குப் போயி நிம்மதியாச் சாப்பிட்டுருப்பான்டா’ என்றான்.

விளம்பரம், விமான நிலையக் கூட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்ததாம். அதுவரை வாங்கிய பதக்கங்களுக்கு வராத கூட்டம் அந்தத் தோல்விக்கு வந்திருக்கிறது. எனக்கு இது விளங்கவில்லை. விளங்காமலே இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நேற்று ஒருவருடைய வெள்ளைச் சட்டையின் காலரைக் கருக்கிவிட்டேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவை.

உன் கேள்வி எனக்கு நினைவிருக்கிறது, செல்வி. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

உன்
ஜெயபாண்டி


பரவை
21.7.2025

மாமாவுக்கு,

நேற்று அத்தை போன் செய்தார்கள். அப்பாவின் முழங்கால் குணமாக வேண்டும் என்று அழகர்கோவிலுக்கு நேர்ந்திருக்கிறார்களாம். ஆடி முடிவதற்குள் நடந்தே போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு மாலை சாத்துவார்களாம். ‘அண்ணனுக்கு இப்பக் கால மடக்க முடியுதாத்தா?’ என்று கேட்டார்கள். அப்பா அப்போது பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ‘தேவலை அத்தை’ என்றேன். என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள். சாமியையும் இதில் இழுத்துவிட்டீர்கள்.

அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை பெறுகிற வயதில் வாளைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று அவர்கள் என் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார்கள். நான் நேராகப் பதில் சொன்னேன். அதோடு முடிந்தது. நீங்கள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ‘போ, நான் என்ன வேணாம்னா சொன்னேன்’ என்றுதான் சொல்வீர்கள்.

நான் மறுபடி பயிற்சிக்குப் போகிறேன். காலையில் முதல் பஸ்ஸில் ஏறி ரேஸ்கோர்ஸுக்கு. என்னோடு கல்லூரியில் ஆடிய மீனா அவளுடைய ஜாக்கெட்டைக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபிறகு அது அவளுக்குப் பத்தவில்லை. ஆகஸ்ட் 24 ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் ஓபன் போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன்.

அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கருப்பு கேட்டது நியாயமான கேள்வி. நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். அதற்கு மேல் நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதினால் பாடம் நடத்துவது போல இருக்கும்.

செல்லூருக்குத் திரும்புவதா வேண்டாமா என்று திண்டுக்கல்லுக்கு அப்புறம் முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். உங்கள் பதில் தெரியாமல் என்னை முடிவெடுக்க வைக்காதீர்கள். ‘கேட்கவில்லை’ என்றால் அப்படி எழுதுங்கள், நம்புகிறேன். ‘கேட்டது’ என்றால் அப்படி எழுதுங்கள். இரண்டும் இல்லாத கடிதம் இனி வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

தமிழ்ச்செல்வி


செல்லூர்
12.8.2025

செல்விக்கு,

கேட்டது. அந்த ‘ம்’ காதில் விழுந்து சொன்ன ‘ம்’தான்.

மூன்று வாரமாக இந்த ஒரு வரியை எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதிவிட்டதால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை, ஜாக்கெட் தேவைப்படாத கால் பயிற்சிக்கு நீ மைதானத்துக்குப் போயிருந்தாய். கொடியில் ஜாக்கெட் தொங்கியது. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நீ எழுதியது சரி. என் கை எங்கேயும் போகவில்லை. தொட்டவுடன் விரலுக்குத் தெரிந்துவிட்டது, இது உலோக இழை, ஜரிகைக்கு என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும் என்று. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். கருப்புகூட, ‘அண்ணே, இதக் கஞ்சில போடலாமா?’ என்று கேட்டான். ‘போடுடா’ என்றேன்.

ஏன் என்று கேட்பாய். நீ ஜெயித்துவிடுவாய் என்று பயந்தேன். ஜெயித்தால் அடுத்து தேசியப் போட்டி, அதற்கு இரண்டு மாத முகாம் என்று நீயே சொல்லியிருந்தாய். சொன்னபோது உன் முகம் இருந்த விதத்தை நான் பார்த்தேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதற்கு நான் காரணமாக இல்லையே என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் வெட்கம். அப்படிச் சொல்கிற புருஷன் நான் இல்லை என்று ஊருக்குள் எனக்கு ஒரு நினைப்பு. அதனால் கஞ்சியைச் சொல்ல விட்டேன்.

கெட்டே தீரும் என்று நினைத்துப் போடவில்லை, செல்வி. கெட்டால் கெடட்டும் என்று நினைத்துப் போட்டேன். இதில் பெரிய வித்தியாசம் இருப்பதாக முதல் மாதம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நீ அழகாக நிற்க வேண்டும் என்ற ஆசையும் நிஜமாகவே இருந்தது. அது இருந்ததால்தான் மற்றதை எனக்கே மறைத்துக்கொள்ள முடிந்தது. எல்லோரிடமும் ‘பாசத்துல பண்ணிட்டேன்’ என்று சொல்லி, நஜீமிடம் பரிதாபமும் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் கதையையும் சேர்த்து. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டார். ‘நாலு மாசமா விடியக்கருக்கல்ல எந்திரிச்சுப் போச்சேடா அந்தப் புள்ள. நான் ஏதோ வாய்ல பேசினேன், கைய வச்சனா? நீ ஏன்டா கைய வச்ச?’ என்றார். அதற்கு அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கருப்பிடமும் சொன்னேன், ‘போடுடா’ என்று தெரிந்துதான் சொன்னேன் என்று. அவன் அடுத்த சட்டையை எடுத்து இஸ்திரி போட்டான். சாயங்காலம் போகும்போது மட்டும், ‘அண்ணிக்கு எழுதிருங்கண்ணே’ என்றான்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எழுதவில்லை. கேட்டுவிட்டால் தரலாமா வேண்டாமா என்ற பாரம் உன் தலையில் ஏறும். வீட்டுக்கு வா என்றும் எழுதவில்லை. நீ கேட்டது பதில். அதுதான் இது.

ஜெயபாண்டி


பரவை
19.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். முதல் நாள் உங்கள் மேல் வந்த ஆத்திரத்துக்கு நான் பேனாவைத் தொடாமல் இருந்ததே நல்லது. சனிக்கிழமை பயிற்சியில் ஒரு கல்லூரிப் பெண்ணை ஐந்துக்குப் பூஜ்யம் அடித்தேன். அவள் பாவம், என்ன தப்பு செய்தோம் என்று பார்த்தாள்.

எனக்குத் தெரியும் மாமா. திருச்சியில் சோதனை மேஜைக்கு முன்னால் நின்றபோதே தெரியும். நீங்கள் மடித்திருந்ததைப் பார்த்தேன், ஜரிகைச் சேலையை மடிப்பது போல இழை முறியாமல் தளர்வாக. ஜரிகை தெரியாத கை போட்ட மடிப்பு இல்லை அது. தெரிந்தும் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்றால், நீங்களாகச் சொல்லாவிட்டால் நான் உங்களோடு இருக்க முடியாது. நீங்கள் ‘கேட்கவில்லை’ என்று எழுதியிருந்தால் நம்புகிறேன் என்று எழுதினேன் அல்லவா? நம்பியிருக்க மாட்டேன். நம்பியது போல ஒரு நல்ல கடிதம் எழுதிவிட்டு, அப்பா வீட்டிலேயே இருந்திருப்பேன். உங்களுக்குக் கடைசிவரை காரணம் தெரிந்திருக்காது.

கோபம் தீரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். நீங்கள் பயந்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அதை என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சண்டை போட்டிருப்போம், நான் போட்டிக்கும் போயிருப்பேன். இப்போது உடனே செல்லூருக்கு வரவில்லை. வரும்போது நானாக வருவேன், யாரும் அழைத்துப் போக வர வேண்டாம். இரண்டு மாத முகாம் வந்தால் போவேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஹான் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார், பத்தொன்பது வயதுப் பையனிடம். கருப்பு பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பான், சொல்லுங்கள். மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்து காலணிக் கயிறு கட்டுகிற படம் போட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் காலை ஒன்பது மணிக்கு என் முதல் ஆட்டம். நீங்கள் வாருங்கள். கொரியாக்காரர் ஆடியதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள், நான் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கைதட்ட வேண்டாம், பெயர் சொல்லிக் கத்த வேண்டாம், ஆட்டத்தின் நடுவே என்னிடம் பேச வர வேண்டாம். உட்கார்ந்து பாருங்கள். தோற்றால் தோற்கிறேன், ஜெயித்தால் ஜெயிக்கிறேன்.

போட்டி நாளில் காலையில் எனக்கு ஒரு வாய்கூட இறங்காது. முடிந்து கீழே இறங்கியதும் பசி கண்ணைக் கட்டும். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் வந்ததே இல்லை. அத்தையிடம் சொல்லி இரண்டு பேருக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். அத்தையும் வருகிறார்கள் என்றால் மூன்று பேருக்கு.

உங்கள்
செல்வி